இடிந்த கட்டின் தேக்கில் ஒரு சாப்பாட்டு மேசை

பழைய மரம் பார்க்கக் கிளம்பினால் என் பையில் சில சாமான்கள் கட்டாயம் இருக்கும். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம், பேனாக்கத்தி, உள்ளங்கையில் அடங்கும் இழைப்புளி, டேப், சாக்பீஸ், ஒரு பாட்டில் தண்ணீர். காந்தம் ஆணி தேட. கத்தி உளுத்த இடம் பார்க்க: நுனியை வைத்து லேசாக அழுத்தினால் வைரம் பாய்ந்த மரம் இடம் கொடுக்காது, வெளிறாக, அதாவது வைரம் ஏறாத வெளிமரமாக இருந்தால் பொசுக்கென்று உள்ளே போகும். இழைப்புளியால் ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்து, அந்த இடத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் தடவினால் எண்ணெய் போட்டபின் வரப்போகும் நிறம் அப்போதே தெரிந்துவிடும். வெளியே எல்லாக் கட்டையும் ஒரே சாம்பல் நிறம்தான். தூசும் சுண்ணாம்பும் புகையும் படிந்த பிறகு தேக்கு, வேங்கை, வேம்பு, பலா எதுவும் பார்வைக்கு வேறுபடாது. கடைக்காரர் எல்லாவற்றையும் பர்மாத் தேக்கு என்றுதான் சொல்வார்.

நான் திருச்சியை ஒட்டிய துவாக்குடிப் பக்கம் ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் ஃபிட்டர் வேலை பார்த்தவன். இப்போதும் பார்க்கிறேன். மர வேலை வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில், சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும். இரும்பில் அரை மில்லிமீட்டர் தவறினாலும் போல்ட் உட்காராது. அந்தப் பழக்கத்தோடு மரத்துக்கு வந்ததால் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பழைய மரத்தில் செய்த சாமான் என்றால் ஆடலாம், கோணலாக இருக்கலாம், கையில் சிராய் ஏறலாம், அதெல்லாம்தான் அழகு என்று ஒரு எண்ணம் பரவியிருக்கிறது. அதை நான் ஏற்பதில்லை. மரம் கரடுமுரடாக இருக்கலாம். பொருத்து கரடுமுரடாக இருக்கக்கூடாது.

முதலில் கணக்கு. மரம் இன்னும் கன அடியில்தான் விற்கிறது. அகலத்தையும் கனத்தையும் அங்குலத்தில் பெருக்கி, நீளத்தை அடியில் பெருக்கி, 144-ஆல் வகுக்க வேண்டும். நாலுக்கு மூணு கட்டை, பத்தடி நீளம் என்றால் 120-ஐ 144-ஆல் வகுக்க 0.83 கன அடி. புது மரத்துக்கு இந்தக் கணக்கோடு முடிந்தது. பழைய மரத்தில் இரண்டு முனையும் பெரும்பாலும் போய்விட்டிருக்கும். நடுவில் ஒரு வெடிப்பு, ஒரு ஆணிக் கூட்டம். பத்தடிக்குக் காசு கொடுத்து ஏழரை அடி கையில் மிஞ்சினால், கன அடி விலை நீங்கள் நினைத்தது இல்லை. அதனால் நான் முதலில் சாக்பீஸால் உபயோகப்படும் நீளத்தை மட்டும் கோடு போட்டுக்கொள்கிறேன். அப்புறம்தான் விலை பேசுவது.

எதை வாங்க மாட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொன்மலை ரயில்வே பட்டறையைப் பார்த்துக்கொண்டு வளர்ந்த ஊர்க்காரனுக்கு ரயில்வே ஸ்லீப்பர் கட்டை மேல் ஆசை வராமல் இருக்காது. கான்கிரீட் ஸ்லீப்பர் வந்த பிறகு கழித்துப் போட்ட சால் மரக் கட்டைகள் இரும்பு மாதிரி உழைக்கும். ஆனால் சில கட்டைகளில் கிரியோசோட் ஏற்றியிருப்பார்கள். நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கும் எண்ணெய், தோலுக்கும் நுரையீரலுக்கும் கேடு, புற்றுநோய் வரை கொண்டுபோகக்கூடியது. வெயிலில் வைத்தால் தார் வாசம் வருகிற கட்டையை வீட்டுக்குள் வைக்கும் எந்தச் சாமானுக்கும் எடுக்காதீர்கள். பழைய பெயின்ட் அடித்த மரமும் அப்படித்தான். நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பச்சையும் நீலமும் உரிந்து நிற்கும் ஜன்னல் பலகை படத்தில் அழகாக இருக்கும். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் முதலில் போவது தேய்க்கிறவர் மூச்சுக்குள், அடுத்து தரையில் தவழும் குழந்தையின் கைக்கு. நனைத்துச் சுரண்டலாம், முகமூடி போடலாம். இல்லையென்றால் விட்டுவிடலாம். நான் பெரும்பாலும் விட்டுவிடுவேன்.

பேக்கிங் பலகைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து மெஷின் வந்த பெட்டி, பேலட் எல்லாம் எங்கள் பக்கத் தொழிற்பேட்டைகளில் தாராளமாகக் கிடைக்கும். கோதுமைக் கதிர் முத்திரைக்குப் பக்கத்தில் எச்டி (HT) என்ற எழுத்து இருந்தால் சூடேற்றிப் பூச்சி கொன்றது. மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. எம்பி (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது. முதல் வகையில் செருப்பு ஸ்டாண்டு, செடித் தொட்டி செய்யலாம். இரண்டாவது வேண்டாம்.

கடைசியாக, முழுக் கதவும் முழுத் தூணும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் நடந்தால் மனசு ஒரு நிலையில் நிற்காது. நிலைக்கு மேலே கஜலட்சுமி செதுக்கிய பலகை, பித்தளைக் குமிழ் வைத்த கதவு, போதிகையோடு நிற்கும் தூண், எல்லாம் விலை எழுதி நிற்கும். அந்தக் கதவைப் படுக்க வைத்து, மேலே கண்ணாடி போட்டு டீப்பாய் ஆக்குகிறார்கள். எனக்கும் அப்படிக் கேட்டு ஆர்டர் வந்திருக்கிறது. நான் செய்து கொடுப்பதில்லை. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பெருமைக்குக் காரணமே வீடு வீடாக நிற்கும் இந்தத் தச்சு வேலைதான். கதவு கதவாக இருக்கிற வரைக்கும் அதை இன்னொரு வீட்டில் மாட்டலாம். அறுத்துவிட்டால் அது வெறும் பலகை. உடைந்தது, உளுத்தது, இடிபாட்டில் சிக்கியது, விறகுக்குப் போக லாரியில் ஏறியது, இவை எனக்குப் போதும்.

போன வருடம் நான் செய்ததில் மனசுக்கு நிறைவான சாமான் அப்படிக் கிடைத்த மரத்தில் வந்ததுதான். காரைக்குடியை ஒட்டிய ஒரு ஊரில் ஒரு பழைய வீடு. அதன் முகப்பும் வளவும் (முற்றத்தைச் சுற்றிய நடுக்கட்டு) நன்றாகவே இருந்தன. பின்கட்டுதான் பங்காளிகளுக்குள் யார் ஓடு மாற்றுவது, யார் தளம் பார்ப்பது என்று இழுத்துக்கொண்டே போய், ஒரு ஐப்பசி மழையில் தளம் உட்கார்ந்துவிட்டது. கட்டைகளை விறகு வியாபாரி விலை பேசிவிட்டுப் போயிருந்தார். அந்த வீட்டு ஆச்சிக்குக் கொடுக்க மனம் இல்லை. “எங்க ஐயா காலத்துல ரங்கூன்ல இருந்து வந்த மரம் தம்பி. அடுப்புக்குப் போடவா அவுக அதைக் கொண்டாந்தாக? எனக்கு இப்ப தரையில உக்காந்தா எந்திரிக்க முடியலை. ஒரு சாப்பாட்டு மேசையா ஆக்கிக் குடுங்க” என்றார்.

அவர் ஐயா மரம் கொண்டுவந்த கதைக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபிறகு ஐரோப்பாவுக்குப் பர்மா அரிசி ஏற்றுமதி பெருகியது. ஐராவதி டெல்டாவில் காடு திருத்தி வயலாக்கிய விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தவர்களில் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் முக்கியமானவர்கள். அந்த வரவுதான் இங்கே வளவு வளவாக எழும்பியது. தேக்கும் அந்த வழியாகவே வந்தது. 1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததோடு அந்தக் கதை முறிந்துபோனது. ஆச்சி ரங்கூன் என்றதை நான் நம்புகிறேன், ஏனென்றால் வீட்டின் கதை அவருக்குத் தெரியும். ஆனால் கடையில் கிடக்கும் கட்டை பர்மாவில் வளர்ந்ததா, மலபாரில் வளர்ந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. நான் பார்ப்பது வெட்டுமுகத்தில் இருக்கும் வளையங்களை. தேக்கில் வருடத்துக்கு ஒரு வளையம் தெளிவாகத் தெரியும். காட்டில் நிதானமாக வளர்ந்த மரத்தில் அவை நெருக்கமாக இருக்கும். இருபது வருடத்தில் வெட்டும் தோட்டத்துத் தேக்கில் அகலம் அகலமாக, வெளிறு நிறைய. எனக்கு வேண்டியது நெருக்கமும் வைரமும்தான், ஊர்ப் பெயர் இல்லை.

பின்கட்டுத் தளம் மெட்ராஸ் டெரஸ். கான்கிரீட் வருவதற்கு முன்னால் நம் ஊரில் மாடி போட்ட முறை. சுவருக்குச் சுவர் ஒன்றரை அடிக்கு ஒரு தேக்குக் கட்டை. அதன்மேல் ஆறங்குல நீளம், மூணங்குல அகலம், ஓரங்குலக் கனத்தில் சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, குறுக்குவாட்டத்தில் சுண்ணாம்புக் காரையில் கட்டிக்கொண்டே போவார்கள். அதற்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பலகையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு. மேலே தண்ணீர் நிற்காதவரை இந்தத் தளத்துக்கு ஒன்றும் ஆகாது. நின்றால், அது முதலில் கட்டையின் நடுவைத் தாக்குவதில்லை. சுவருக்குள் புதைந்திருக்கும் முனையைத்தான் தாக்கும். காற்றுப் படாமல், சுவரின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, அங்கேதான் மரம் இற்றுப்போகும். தேக்கில் டெக்டோகுயினோன் என்ற சத்து இருப்பதால் கரையான் அவ்வளவு எளிதில் தொடாது, ஆனால் ஈரத்தில் பூக்கும் பூஞ்சைக்குப் பல வருடம் கிடைத்தால் அதுவும் தாங்காது. இறக்கி வைத்த கட்டைகளில் பெரும்பாலானவற்றின் முனை ஓரடி வரை விரலால் பிய்க்கிற மாதிரி இருந்தது. அதைத் தாண்டிக் கத்தி இறங்கவே இல்லை.

மரத்தை இறக்கிய உடனே வேலை ஆரம்பிக்கக்கூடாது. பழைய மரம்தானே, காய்ந்துதானே இருக்கும் என்று தோன்றும். நூறு வருடம் காய்ந்த கட்டையும் ஒரு மழைக்காலம் திறந்தவெளியில் கிடந்தால் ஈரம் குடித்துவிடும். கொட்டகையில் ரீப்பர் வைத்து, கட்டைக்குக் கட்டை காற்றுப் போக இடைவெளி விட்டு அடுக்கினேன். ஈரமானியில் 12 சதவீதத்துக்குப் பக்கத்தில் வரும்வரை காத்திருந்தேன். அந்த இடைவெளியில் ஆணி எடுக்கும் வேலை.

இந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய மரத்தில் பாதி உழைப்பு இதுதான். அந்தக் கட்டைகளில் இருந்தவை கொல்லுப்பட்டறையில் அடித்த சதுர ஆணிகள். கொடி கட்ட, தொட்டில் கட்ட, விளக்கு மாட்ட, யாரோ எப்போதோ அடித்தது. கொறட்டால் பிடித்து அப்படியே இழுத்தால் தலை மட்டும் கையோடு வரும், உடம்பு உள்ளேயே நிற்கும். துரு மரத்தோடு ஒட்டிப்போயிருக்கும். முதலில் தலையில் சுத்தியலால் ஒரு சின்னத் தட்டு, உள்ளே இறங்குகிற மாதிரி. நூல் அளவு இறங்கினாலும் போதும், துருவின் பிடி விட்டுவிடும். அப்புறம் கொறட்டின் அடியில் ஒரு பலகைத் துண்டைக் கொடுத்து, நேராக மேலே நெம்ப வேண்டும். பக்கவாட்டில் ஆட்டினால் ஓட்டை பெரிதாகும். கீச்சென்று ஒரு சத்தத்தோடு முழு ஆணியும் வரும். முறிந்துபோனதை, எதிர்ப்பக்கம் நுனி தெரிந்தால் அங்கிருந்து பஞ்ச் வைத்துத் தட்டி எடுக்கலாம். இரண்டு பக்கமும் தெரியாமல் உள்ளே ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்கத்தான் காந்தம். நூலில் கட்டித் தொங்கவிட்டு மரத்தின் மேல் மெதுவாக நகர்த்தினால், ஆணி இருக்கும் இடத்தில் நூல் சாய்ந்து காட்டிக்கொடுக்கும். அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம்.

எடுத்த ஆணியின் ஓட்டையைச் சுற்றி நீலம் கலந்த கறுப்பாக ஒரு வளையம் இருக்கும். அது அழுக்கு இல்லை. இரும்பும் மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தும் ஈரத்தில் சேர்ந்து உண்டாக்கிய நிறம். சிக்கல்நாயக்கன்பேட்டை கலம்காரித் துணியில் கடுக்காயும் இரும்பும் சேர்ந்து கறுப்புக் கோடு வருவதும் இதே வேதியியல்தான். தேய்த்தாலும் போகாது, போக்கவும் வேண்டாம். அதே காரணத்தால் ஒரு எச்சரிக்கை: ஈரப் பசையோடு இரும்புக் கிளாம்பை நேராக மரத்தில் வைத்து இறுக்கினால் காலையில் புதுக் கறை நிற்கும். நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள் கொடுங்கள்.

மேல்பக்கம் காரை ஒட்டியிருந்தது. செங்கல் நின்ற குறுக்குவரிகள் அப்படியே அச்சாகப் பதிந்திருந்தன. சுண்ணாம்பை வெளியில் வைத்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து, கம்பி பிரஷ்ஷால் எடுத்தேன். உலர்ந்த காரையோடு இழைப்புளியை ஓட்டினால் தகட்டின் கூர் ஒரே இழுப்பில் போய்விடும். தேக்கே இயல்பில் சிலிக்கா உள்ள மரம், கூரைத் தின்னும். அறுக்க மில்லுக்குக் கொண்டுபோனால் பழைய மரம் என்றதுமே தலையை ஆட்டுவார்கள். ஒரே ஒரு ஆணி பட்டாலும் பேண்ட் சா பிளேடு போய்விடும், பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து, அவர்களைக் குறை சொல்ல முடியாது. கொட்டகையில் இருக்கும் சின்ன பேண்ட் சாவில், காந்தத்தால் இன்னொரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, நானேதான் அறுத்தேன். முதல் கட்டை இரண்டாகப் பிரிந்தபோது கொட்டகை முழுக்கத் தேக்கின் எண்ணெய் வாசம். வெளியே சாம்பல், உள்ளே பொன்னிறத்தில் கறுத்த ரேகை. அந்த வாசம் அவ்வளவு காலமாக அந்த மரத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம் அடங்கவில்லை.

அறுக்கும் முன்னால் ஒவ்வொரு கட்டையின் நான்கு முகத்தையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன். அது எப்படி அறுபட்டது என்று அங்கே எழுதியிருக்கும். வட்ட ரம்பம் வில் மாதிரி வளைந்த கோடுகளை விடும். ஆள் அறுப்பு என்றால் நேர்க்கோடுகள், ஆனால் ஒரே சாய்வில் இருக்காது. மேலே ஒருவர், குழிக்குள் ஒருவர் நின்று இழுத்த வாள் அது. கை தளரத் தளரச் சாய்வு மாறும், மூச்சு வாங்கி மறுபடி ஆரம்பித்த இடத்தில் கோடு வெடுக்கென்று திரும்பும். ஆச்சி வீட்டுக் கட்டைகளில் சில ஆள் அறுப்பு. இரண்டு கட்டையில் வாய்ச்சியால் (மரம் செதுக்கும் கைக்கருவி) செதுக்கிய குழிகளும் இருந்தன, ஒவ்வொன்றும் கட்டைவிரல் பதிகிற அளவு, வரிசை தப்பாமல். விரலை ஓட்டினால் செதுக்கியவர் எந்தப் பக்கம் நின்று வெட்டினார் என்பதுகூடத் தெரிந்தது. அந்த முகங்களை இழைக்க எனக்குக் கை வரவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கும் கீரனூர்ப் பக்கத்து ஆசாரி ஐயா ஒருவருக்கும் எப்போதும் வாக்குவாதம். எழுபது வயதைத் தாண்டியவர். எனக்கு உளி தீட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். “பழசுன்னே தெரியாம இழைச்சுக் குடுக்கிறதுதான் தம்பி வேலை. ஆணி ஓட்டையோட சாமான் குடுத்தா, ஆசாரிக்கு இழைக்கச் சோம்பல்னுதான் ஊர் சொல்லும்” என்பார். அவர் காலத்தில் பழைய மரம் என்றால் காசில்லாதவர் வாங்குவது. வாங்குகிறவர் மானத்தைக் காப்பாற்றுவதுபோல அதைப் புதிதாக்கிக் கொடுத்திருக்கிறார். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். இன்னொரு பக்கம், கைபேசியில் படம் காட்டி ரஸ்டிக் லுக் வேண்டும் என்று கேட்பவர்கள். அந்தப் படங்களில் பாதி, புதுப் பைன் பலகையைச் சங்கிலியால் அடித்துக் காயப்படுத்தி, கறுப்புச் சாயம் ஏற்றி எடுத்தவை. பொய்யான தழும்பு அது. எனக்கு இரண்டும் சம்மதமில்லை. கை படுகிற, சோறு விழுகிற, துணியால் துடைக்கிற முகம் எல்லாம் வழவழவென்று இருக்க வேண்டும். சோற்றுப்பருக்கை போய் ஒளிகிற பள்ளம் சாப்பாட்டு மேசையில் இருக்கவே கூடாது. மற்ற முகங்களில், கால்களின் வெளிப்புறத்திலும் சட்டங்களின் பக்கங்களிலும், வாளும் வாய்ச்சியும் விட்ட தடம் அப்படியே இருக்கட்டும். அங்கும் கம்பி பிரஷ் போட்டுச் சிராயை எடுத்துவிட்டு, மேலாக ஒரு உப்புத்தாள். தடம் நிற்கும், கை கிழிக்காது.

நாலங்குல அகலக் கட்டையிலிருந்து ஓரங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த கனத்தில் பலகைகள் எடுத்து, பக்கத்தில் பக்கம் சேர்த்து மூன்றடி அகலத்துக்குக் கிட்டே மேற்பலகை. தேக்கில் எண்ணெய் இருப்பதால் ஒட்டும் முகங்களை இழைத்த கையோடு அசிட்டோன் துணியால் துடைத்து, உடனே பசை போட வேண்டும். இழைத்துவிட்டு மறுநாள் ஒட்டலாம் என்று வைத்தால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். ஒரு பலகையில் முனையிலிருந்து உள்ளே ஓடிய வெடிப்பு இருந்தது. வெட்டி எறியாமல், உடுக்கை வடிவத்தில் வேங்கைத் துண்டு ஒன்றைச் செதுக்கிக் குறுக்கே பதித்தேன். இனி அது விரியாது. ஆணி ஓட்டைகளில் லப்பம் வைக்கவில்லை. லப்பம் இரண்டு மழைக்காலத்தில் சுருங்கி உதிரும், நிறமும் சேராது. அரக்கை உருக்கி ஊற்றி, ஆறியதும் உளியால் சீவிவிட்டால் ஓட்டையின் கறுப்பும் அரக்கின் கறுப்பும் ஒன்றாகிவிடும்.

காலும் சட்டமும் சேரும் இடத்தில் ஸ்க்ரூ கிடையாது. காலில் சதுரத் துளை, சட்டத்தின் முனையில் அதற்கு ஏற்ற நாக்கு, கொட்டாப்புளியால் தட்டினால் உள்ளே போக வேண்டும், கையால் தள்ளினால் போகக்கூடாது. குறுக்கே துளையிட்டு மூங்கில் ஆணி. துளையை நேர்கோட்டில் போடாமல், நாக்கிலுள்ள துளை மட்டும் நூல் அளவு உள்தள்ளி இருக்கும்படி போட்டால், மூங்கில் ஆணி இறங்கும்போதே மூட்டை இழுத்து இறுக்கிவிடும். பழைய மரத்தில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. தடம் நிற்கும் முகம் மட்டமாக இருக்காது, அதில் மூலைமட்டம் வைத்துக் கோடு போட முடியாது. அதனால் காலின் உள்முகம் இரண்டை மட்டும் முதலில் துல்லியமாக இழைத்துச் சதுரமாக்கி, எல்லா அளவும் அங்கிருந்துதான். வெளிமுகம் எப்படி இருந்தாலும் மூட்டுக்குத் தெரியாது. பட்டறையில் கரடான வார்ப்படத்தை எந்திரத்தில் ஏற்றும்போது ஒரு முகத்தை முதலில் சீவி, அதை ஆதாரமாக வைத்து மற்றதை அளப்போம். அதையேதான் இங்கேயும் செய்கிறேன்.

மேற்பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டவே கூடாது. மழைக்காலத்துக்கும் கோடைக்கும் நடுவில் அந்த மூன்றடி அகலம் சில மில்லிமீட்டர் விரிந்து சுருங்கும். எவ்வளவு வயதான மரமும் இதை நிறுத்துவதில்லை. சட்டத்தின் உட்புறம் காடி எடுத்து, சின்ன மரக் கட்டைகள் அதில் நகரும்படி வைத்து, அவற்றைப் பலகையோடு ஸ்க்ரூ செய்தேன். பலகை கீழே அமுங்கி நிற்கும், பக்கவாட்டில் நகர இடம் இருக்கும்.

உயரம் வழக்கமாக முப்பது அங்குலம். ஆச்சி குள்ளம். அவரை நாற்காலியில் உட்காரச் சொல்லி, முழங்கை நிற்கும் உயரம் பார்த்து, இருபத்தெட்டில் நிறுத்தினேன். வீட்டுக்கு வந்த மகன், மற்றவர்களுக்கு இது தாழ்வாக இருக்குமே என்றார். ஆச்சி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: “மத்தவுக வருசத்துக்கு ரெண்டு தடவைதான வர்றாக.”

பளபளக்கும் பாலிஷ் எதுவும் போடவில்லை. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைத் துணியால் தேய்த்து, கால் மணி நேரம் விட்டு, மிச்சத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டால் பிசுபிசுப்பு போகவே போகாது. ஒரு நாள் இடைவெளி விட்டு மறுபடி, மரம் குடிப்பதை நிறுத்தும்வரை. கடைசியில் தேன்மெழுகு. அந்த எண்ணெய்த் துணியை மட்டும் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது அது. கொடியில் விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்கி வையுங்கள். மரத்தூள் நிறைந்த கொட்டகையில் இதைவிடப் பெரிய ஆபத்து வேறு இல்லை.

ஆசாரி ஐயா மேசையைப் பார்க்க வந்தார். மேற்பலகையைக் கையால் தடவினார், குனிந்து மூட்டுகளைப் பார்த்தார், ஒரு மூட்டின் இடைவெளியில் நகத்தை வைத்து நுழையவில்லை என்று உறுதி செய்துகொண்டார். காலின் வெளிமுகத்தில் வாய்ச்சித் தடத்தைத் தொட்டபோது நான் ஏச்சு வாங்கத் தயாராக இருந்தேன். “இவன் இடதுகைக்காரன்” என்றார், செதுக்கியவரைப் பற்றி. அதற்கு மேல் அந்த முகத்தை இழைக்கச் சொல்லவில்லை.

மேசை வைத்திருப்பவர்களுக்கு: சூடான பாத்திரத்துக்குக் கீழே பிரிமணை வையுங்கள். தண்ணீர் வட்டம் விழுந்தால் பயப்பட வேண்டாம், அந்த இடத்தில் மெல்லிய உப்புத்தாள் ஓட்டி, கொஞ்சம் எண்ணெய் தடவினால் மறைந்துவிடும். வருடத்துக்கு ஒரு தடவை, பங்குனி வெயிலுக்கு முன்னால், ஒரு கை எண்ணெய். உங்கள் தெருவில் பழைய வீடு இடிக்கிறார்கள் என்றால் லாரி வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் போய் மேஸ்திரியிடம் கேளுங்கள். மறுநாள் காலையில் ஜேசிபி வந்துவிட்டால், பத்தடிக் கட்டையெல்லாம் மூணடித் துண்டாகித்தான் வெளியே வரும்.